சூப்பர்வைசர் எங்கேயும் போகவில்லை

"எப்போ சார் கிளம்புறீங்க?" என்று வண்டிக்காரர் கேட்டபோது, சூப்பர்வைசர் ஒரு தலையணை உறையின் மூலையில் இருந்த அயோடின் கறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு. எப்பவும் போலத்தான். ஏன்?"

"அது இல்ல சார். ஒரேயடியா எப்போன்னு கேட்டேன்."

சூப்பர்வைசர் உறையைக் கீழே இறக்கினார். வண்டிக்காரர் வார்டு வார்டாகப் போய் அழுக்குத் துணி மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர். தினம் நாலு நடை. ஒவ்வொரு நடையிலும் துணியோடு கொஞ்சம் செய்தியும் வரும். அன்று கொண்டுவந்த செய்தி இதுதான்: கடற்கரையில் இருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவுக்கே தலைவராக சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். காரில் ஆள் வந்து பேசினார்களாம். இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, போகும்போது மறக்காமல் கைகுலுக்கிவிட்டும் போனார்.

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நாலு பெரிய சலவை இயந்திரங்கள், மூன்று உலர்த்திகள், விரிப்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தகடு மாதிரி வெளியே தள்ளும் உருளை இஸ்திரி ஒன்று. இத்தனைக்கும் நடுவில், ஆறு பெண்கள் சுற்றியிருந்து துணி மடிக்கும், கிழிசல் தைக்கும் நீளமான மேஜை. சூப்பர்வைசர் அங்கே இருபத்திரண்டு வருஷமாக இருந்தார். எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர், எத்தனை நிமிஷம் என்பது அவருக்கு அத்துப்படி. ரத்தம் பட்ட துணியை யாராவது வெந்நீரில் போட்டுவிட்டால் அன்று முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்த உலகத்தில் அவருக்குப் பிடிக்காத இன்னொன்று வம்பு. அடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறவர்களையும் பிடிக்காது, பேசினதைக் கேட்கிறவர்களையும் பிடிக்காது. மேஜைக்கு எதிரில் சுவரில் 'வேலை நேரத்தில் வேலையைப் பற்றி மட்டும் பேசவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார். அது போதாமல், மேஜைப் பக்கம் போகும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பார். அதனால் அவருக்குப் பின்னால் அவர் பெயரே 'உஷ்' என்று ஆகிவிட்டிருந்தது. 'உஷ் வர்றாரு' என்றால் மேஜை அடங்கிவிடும்.

அன்றைக்கும் அடங்கியது. ஆறு பேரும் கையிலிருந்த துணியைத் தவிர வேறெதுவும் அறியாதவர்கள் மாதிரி குனிந்திருந்தார்கள். சூப்பர்வைசர் நேராக ஒலிபெருக்கியின் எதிரில் போய் நின்றார். ஒலிபெருக்கி என்பது அந்த அம்மாளுக்கு மற்ற ஐந்து பேரும் சேர்ந்து வைத்த பெயர். உலர்த்திகள் மூன்றும் ஒன்றாக ஓடினாலும் அதற்கு மேலே அவள் குரல் கேட்கும்.

"என்னைப் பத்தி ஏதோ பேச்சு ஓடுதாமே."

"நாங்க எதுவும் பேசறதே இல்லையே சார்" என்றாள் ஒலிபெருக்கி. "அதான் போர்டுல போட்டிருக்கே."

அவர், தான் எந்த ஹோட்டலுக்கும் போகவில்லை என்றார். யாரும் நிமிர்ந்து பார்க்காததால், கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னார். யாரும் காரில் வரவில்லை என்றும் சொன்னார். வாசல்வரை போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பி நின்று, "நான் எங்கேயும் போகலை" என்று மூன்றாவது தடவையும் சொன்னார்.

அதுதான் அவர் செய்த முதல் தவறு. மதியத்துக்குள் வண்டிக்காரரின் அடுத்த நடையோடு மேல்மாடிக்குப் போன செய்தி இது: சூப்பர்வைசரே மேஜைக்கு வந்து மூன்று தடவை போகவில்லை என்று சொன்னார். போகாத ஆள் எதற்காக ஒரு தடவையாவது சொல்லப்போகிறார்? வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது என்பதும் அதில் சேர்ந்திருந்தது. உலர்த்தியிலிருந்து பறந்த பஞ்சு கண்ணில் விழுந்தது உண்மைதான்.

மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழைவதற்குள் ஏழு பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். எட்டாவதாக, இதுவரை அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்த்திராத வாசல் காவலாளி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. வாயால் சொன்னால்தானே கண் காது மூக்கு வைக்கிறார்கள், எழுத்தில் போட்டுவிட்டால் என்ன செய்வார்கள் பார்ப்போம் என்று, அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அறிவிப்பு தட்டச்சு செய்து வாங்கினார்.

'சலவைக்கூட மேற்பார்வையாளர் எந்த ஹோட்டலிலும் எந்தப் பதவியும் ஏற்கவில்லை. இது குறித்து உலவும் செய்தி உண்மையல்ல.'

அதைச் சலவைக்கூட வாசலில் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்று, கேன்டீன் சுவரில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டினார்.

அதுவரை செய்தி தெரியாதவர்கள் என்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பேராவது இருந்தார்கள். கண் டாக்டர்களுக்குத் தெரியாது. எக்ஸ்ரே அறைக்காரர்களுக்குத் தெரியாது. சலவைக்கூடம் என்று ஒன்று இருப்பதே தெரியாத நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பத்து மணிக்குள் அத்தனை பேரும் லிஃப்டில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது மாடியில் காலில் கட்டோடு ஏறிய ஒருவர் தன் மனைவியிடம், "யாரோ நல்ல வேலைக்காரனை விட்டுடப் போறாங்க போல" என்று சொன்னதை சூப்பர்வைசர் அதே லிஃப்டில் பின்னால் நின்று கேட்டார். மாலையில் அறிவிப்பைக் கிழிக்கப் போனபோது அதன் கீழே யாரோ பென்சிலால் 'வாழ்த்துகள், எங்களை மறந்துவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

கிழித்ததும் தப்பாகப் போனது. காலையில் இல்லை என்று ஒட்டினார், மாலையில் அதையும் எடுத்துவிட்டார், அப்படியென்றால் எல்லாம் முடிவாகிவிட்டது என்று பேச்சு எழுந்தது.

புதன்கிழமை காலையில்தான் விஷயம் வேலையில் கைவைத்தது. தினமும் வார்டுகளிலிருந்து அறுநூறு விரிப்புகளாவது சலவைக்கு வரும். அன்று வந்தது தொண்ணூறு. வண்டிக்காரர் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டபோது வண்டி அப்படி லேசாக உருண்டதைப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் மூட்டைகளை அவிழ்த்து இரண்டு தடவை எண்ணினார். ஒன்பது மணிக்கு அறுவை அரங்கிலிருந்து போன். பச்சைத் துணி அலமாரியில் நாலு உருப்படிதான் இருக்கிறதாம், டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாராம்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. இவர் போய்விட்டால் சலவை தாறுமாறாகிவிடும் என்று பயந்து, ஒவ்வொரு வார்டும் கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் பதுக்க ஆரம்பித்திருந்தது. எலும்பு முறிவு வார்டில் பயன்படாத இரண்டு கட்டில்களின் மெத்தைக்கடியில் விரிப்புகள் இருந்தன. குழந்தைகள் வார்டில் பொம்மைப் பெட்டிக்குள் தலையணை உறைகள் இருந்தன.

சூப்பர்வைசர் தானே கிளம்பினார். ஒவ்வொரு வார்டாகப் போய், நான் எங்கேயும் போகவில்லை, துணியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவது என்று திட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் கீழ்த்தளத்தை விட்டு மேலே ஏறி அவர் வார்டுகளைச் சுற்றியதே இல்லை. வெளுத்த சட்டையும் சீவிய தலையுமாக அவர் வாசல் வாசலாக வந்து நின்றபோது, விடைபெற வருகிறார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். போன இடத்திலெல்லாம் நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். ஐந்தாவது டீயில் அவருக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் அலமாரியின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"தரமாட்டேன் சார். நீங்க போனப்புறம் எங்களுக்கு யார் இருக்கா?"

"நான் போகலைங்க."

"இப்படித்தான் போன தடவை சமையல்காரரும் சொன்னாரு. போய் மூணு வருஷம் ஆச்சு, இன்னும் வாயில வைக்க முடியலை."

அலமாரியைத் திறக்க வைப்பதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் வார்டு நர்ஸுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டையும், யாரோ ஒரு நோயாளிக்கு வந்திருந்த பூங்கொத்தும் தயாராகிவிட்டன. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், ஒரு தோளில் நாற்பது விரிப்புகளும் மறு கையில் பூங்கொத்துமாக அவர் படியிறங்கியபோது யாரோ போட்டோ எடுத்தார்கள். பூங்கொத்தோடு சூப்பர்வைசர் இருக்கும் அந்தப் படம் அவர் கீழ்த்தளம் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே கீழ்த்தளம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். பேசாமல் இருப்பதில் அவருக்கே பயிற்சி கொடுக்கக்கூடியவள். அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் ஒரு சத்தமும் இல்லாததிலிருந்து, விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலை, இல்ல?"

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கீங்க."

நியாயமான பேச்சுதான். வேலையில் என்ன நடந்தது என்று அவள் கேட்டபோதெல்லாம் 'என்ன நடக்கும், துணிதான்' என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொன்னதில்லை. இப்போது ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். வண்டிக்காரர், மேஜை, லிஃப்ட், பொம்மைப் பெட்டி, பூங்கொத்து. ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அதனாலேயே நம்பவில்லை. இவ்வளவு ஜோடித்துச் சொல்கிறார் என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தன் தம்பி மத்தியானமே போன் செய்து கேட்டதாகவும், அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

"என்ன சொன்னான்?"

"அக்கா இவ்வளவு மறைக்கிறான்னா பெரிய இடம்தான்னு சொல்லி, அத்தானுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னான்."

சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். இதற்கு மேல் தான் என்னதான் செய்ய முடியும் என்று கேட்டார். அவளுக்கு ஆத்திரம். "ஏன், அந்த ஹோட்டல்லயே போய், இவருக்கு வேலை தரலைன்னு எழுதி வாங்கிட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கோபத்தில் சொன்னது. அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் போட்ட முதல் அரைநாள் லீவு அது. அதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்காரர் பின்வாசல்வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

ஹோட்டலின் சலவைப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள். சூப்பர்வைசர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு வந்த காரியத்தைச் சொன்னதும், அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு நாங்க வேலை தரலைன்னு நாங்க எழுதித் தரணும்?"

"ஆமாங்க."

"நீங்க எங்ககிட்ட வேலை கேட்டீங்களா?"

"கேட்கலை."

"இப்போ கேட்கறீங்களா?"

"இல்லைங்க. வேலை வேண்டாம். வேண்டாங்கிறதுக்கு ஒரு கடுதாசிதான் வேணும்."

அந்த அம்மாள் இருபது வருஷத்தில் எத்தனையோ பேரை நேர்காணல் செய்திருப்பார். இப்படி ஒருத்தர் வந்ததில்லை. இவரை எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்தபடி, மேஜைமேல் கிடந்த விரிப்பை நகர்த்தினார். சூப்பர்வைசரின் கண் தானாக அதன் மேல் போனது. ஓரத்தில் மிளகு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். கேட்காமலேயே அதை எடுத்தார். அடியில் இருந்த இன்னொன்றையும் எடுத்தார். அதிலும் அதே ஓரம், அதே புள்ளிகள்.

"எத்தனை சோப்பு மாத்தினீங்க?"

"மூணு" என்றார் அம்மாள் ஆச்சரியத்தோடு. "எதுலயும் போகலை."

"சோப்பை எவ்வளவு மாத்தினாலும் போகாது. இது துணியில வர்ற கறை இல்ல. ஈரத் துணியைத் தள்ளிட்டுப் போற வண்டியோட அடித்தகடு துருப்பிடிச்சிருக்கும். வண்டியைப் பாருங்க."

வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. அம்மாள் வண்டியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். டீ வரவழைத்தார். கடிதத்தைத் தானே எழுதி நேராக ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கே அனுப்பிவிடுவதாகவும், அதுதான் முறை என்றும் சொன்னார். சூப்பர்வைசருக்கு ஒரு பாரம் இறங்கியது. அந்த வாரத்தில் முதல்முறையாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

நிர்வாக அதிகாரியின் அறை ஐந்தாவது மாடியில். அங்கே சூப்பர்வைசர் வருஷத்துக்கு ஒரு தடவை போவார், நின்றுகொண்டே சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். தன் பெயர் கூட அந்த ஆளுக்குத் தெரியுமா என்பது அவருக்குச் சந்தேகம். இன்றைக்கு ஹோட்டல் கடிதம் வந்திருக்கும், எல்லாம் தெளிந்திருக்கும், அறிவிப்பு ஒட்டி ஆஸ்பத்திரியைக் களேபரம் பண்ணினதற்கு நாலு வார்த்தை திட்டு விழும், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனார்.

அதிகாரி எழுந்து நின்றார். கதவைத் தானே சாத்தினார்.

"உட்காருங்க."

சூப்பர்வைசர் திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்தார். அதிகாரி மேஜைமேல் இருந்த கடிதத்தை அவர் பக்கம் திருப்பினார். அந்த அம்மாள் சொன்ன சொல் தவறாமல்தான் எழுதியிருந்தார். 'தங்கள் மேற்பார்வையாளருக்கு எங்கள் நிறுவனம் இதுவரை எந்தப் பதவியையும் வழங்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவர் எங்களிடம் வந்திருந்தபோது அவருடைய ஆலோசனை எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது என்பதையும் நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.'

அதிகாரியின் விரல் 'இதுவரை' என்ற சொல்லின் மேல் நின்றது.

"நேரா விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்."

"தயங்காம சொல்லுங்க."

"சத்தியமா ஒண்ணும் வேணாம் சார். இந்தப் பேச்சு நின்னா போதும்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறார். அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கிறவனைச் சமாளித்துவிடலாம், ஒன்றுமே வேண்டாம் என்கிறவன்தான் ஆபத்தானவன் என்று அவருக்கு அனுபவம். போனை எடுத்து யாருடனோ தணிந்த குரலில், "பிடி கொடுக்கவே மாட்டேங்கிறார் சார்" என்றார். அந்தப் பக்கம் இயக்குநராக இருக்க வேண்டும். "ஆமா சார், ஹோட்டல்காரங்க எழுத்துலயே கொடுத்திருக்காங்க. ஆமா, வார்டெல்லாம் கொந்தளிப்பா இருக்கு. பிரசவ வார்டுல அழுதிருக்காங்க" என்றார். பிறகு ரொம்ப நேரம் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சூப்பர்வைசருக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை, ஜன்னலோடு. நாலு வருஷமாக இவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன இன்னொரு உருளை இஸ்திரி. இனிமேல் மேற்பார்வையாளர் இல்லை, துணிப் பிரிவுத் தலைவர். பதிலுக்கு இவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு வேறெங்கும் போவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"இதுல கையெழுத்துப் போட்டா, நான் எங்கேயும் போகலைன்னு எல்லாரும் நம்புவாங்களா சார்?"

"நம்பித்தானே ஆகணும்."

சூப்பர்வைசர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தனி அறையோ பதவியோ அவர் தலையில் ஏறவே இல்லை. பேனாவை மூடும்போது, அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அதே நேரத்தில் அதிகாரியும் அதையே சொன்னார்.

படியிறங்கி வரவர நிம்மதி குறைந்து கோபம் ஏறியது. ஐந்து நாள். ஐந்து நாளாக ஒரு மனுஷனை நிம்மதியாக ஒரு தலையணை உறையைப் பார்க்கவிடவில்லை. மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. நாற்பது விரிப்பும் பூங்கொத்துமாக ஊர் சிரிக்க நின்றாயிற்று. அறுவை அரங்கில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். இத்தனைக்கும் காரணம், வேலை நேரத்தில் வாயை அடக்கத் தெரியாத யாரோ ஒருத்தர். அந்த ஒருத்தர் யாரென்று தெரியாமல் இன்றைக்கு வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார்.

அவர் நுழைந்ததும் மேஜை வழக்கம்போல அடங்கியது. சூப்பர்வைசர் ஒப்பந்தத்தை எடுத்து, இதோ பாருங்கள், ஐந்து வருஷம், கையெழுத்து, முத்திரை, என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பேச்சு பொய்யாகிப் போனதில் முகங்கள் தொங்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒலிபெருக்கி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது.

உலர்த்திகளை நிறுத்தச் சொன்னார். உருளையையும் நிறுத்தச் சொன்னார். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவரே கேட்டதில்லை.

"யார் இதை ஆரம்பிச்சது?"

அவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். ஐந்து நாளாக அவர் மனதில் இருந்தது அவள்தான். அவளோ, வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல ஒன்றும் இல்லாதவள் மாதிரி மடித்த துணியையே தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்ற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன். ஒரு மனுஷனைப் பத்திக் கதை கட்டி விடறதுல உங்களுக்கெல்லாம் அப்படி என்னதான் கிடைக்குது?"

"நான்தான் சார்" என்று மேஜையின் கடைக்கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

பொத்தான் அக்கா. கிழிந்ததைத் தைப்பதும் அறுந்த பொத்தானை வைப்பதும் அந்த அம்மாளின் வேலை. பதினோரு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து 'ஊசி வேணும்', 'நூல் தீர்ந்துடுச்சு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்து சூப்பர்வைசர் கேட்டதில்லை. வம்பே பேசாத ஒரே ஆள் என்று அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டியவர் அவர்.

"நீங்களா?" என்றார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

பொத்தான் அக்கா தைத்துக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போன வாரம் நிர்வாக அதிகாரியோட கோட்டு பொத்தான் வைக்க எங்கிட்ட வந்துச்சு சார். உள் பையில, மாசக் கடைசியோட வீட்டுக்கு அனுப்பப் போறவங்க பட்டியல் இருந்துச்சு. வேற இடத்துல கிராக்கி இருக்குன்னு தெரிஞ்சா அனுப்பமாட்டாங்கன்னு நாங்க ஆறு பேரும் பேசி வெச்சோம். முதல் பேரு உங்களோடது, அதனால முதல்ல உங்களைப் பத்திப் பேச்சைக் கிளப்பி விட்டோம். ரெண்டாவது பேரு என்னோடது சார். எனக்கு என்ன கதை கட்டலாம்னு நீங்களே ஒண்ணு சொல்லுங்க."